தொப்பித் துரை வீட்டுக் கல்யாணம்

ஏற்காடு, 2018

ஜூன் 4, திங்கள்

இந்த டைரி ஐந்து மாதமாகக் காலியாகக் கிடந்தது. அண்ணனுக்கு மருந்து கொடுக்கும் நேரத்தைக் குறித்து வைக்க எடுத்தேன். காலை எட்டு, மதியம் இரண்டு, மாலை ஏழு. வலி வந்தால் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை.

சேலத்து டாக்டர் மூன்று மாதம் என்று சொன்னாராம், அதிகம் போனால். அண்ணன் மகன் ஷெல்டன் அதை மாடிப்படியில் நின்று என்னிடம் சொல்லிவிட்டு, வேலை இருக்கிறது என்று பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டான். கல்லீரல் போய்விட்டதாம். எழுபது வயதுவரை குடிக்காத மனிதருக்கு இப்படி வருகிறது. கேள்வி கேட்டால் பாவம் என்பார் எங்கள் பாஸ்டர், ஆகவே கேட்கவில்லை.

மத்தியானம் அண்ணன் கூப்பிட்டார். மத்தி மீன் கேட்பார் என்று நினைத்தேன்.

"தெபோரா, எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சாகணும். பாவாயி அந்தத் தொரைக்குப் பொண்டாட்டியா, இல்ல வச்சிருந்தவளா?"

பாவாயி என்பவள் எங்கள் அப்பாவின் தாத்தாவைப் பெற்றவள். துரை, ஜோசையா ஹார்வுட். 1840-களில் இந்த மலைக்குக் காபி போட வந்தவர். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார், திரும்பவில்லை. பாவாயியும் இரண்டு பையன்களும் இங்கேயே நின்றுவிட்டார்கள். இன்றும் கடைத்தெருவில் எங்களைத் 'தொப்பித் தொரை வீடு' என்றுதான் சொல்வார்கள். அந்த மனுஷன் யாருக்கும் தொப்பியைக் கழற்றமாட்டாராம். கலெக்டர் வந்தபோதும் கழற்றவில்லையாம். வழுக்கை என்று சிலர், தலையில் புண் என்று சிலர். சண்டை வந்தால் மட்டும் வேறு பேர் வெளியே வரும். 'வச்சிருந்தவ வம்சம்.'

அப்பா தேடினார், தாத்தா தேடினார். எங்கள் சபைக் கோயில் பதிவேட்டில் அந்தக் கல்யாணம் இல்லை.

இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது ஏன் என்று நான் கேட்கவில்லை. 1984-இல் நடந்ததை நானும் அண்ணனும் பேசியதே இல்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை.

ஜூன் 9, சனி

சபை குமாஸ்தாவிடம் கெஞ்சி, பழைய பதிவேட்டை வெளியே எடுக்க வைத்தேன். முப்பது வருஷம் கலெக்டர் ஆபீசில் ஸ்டெனோவாக இருந்தவளுக்குப் பழைய கையெழுத்தைப் படிப்பது பெரிய காரியமில்லை. ஆனால் கரையான் தின்றதை எந்த ஸ்டெனோவும் படிக்க முடியாது. பாவாயி அடக்கமான வருஷத்துப் பக்கங்கள் முழுதாகப் போயிருக்கின்றன.

1856-இல் இரண்டு பையன்களுக்கும் ஒரே நாளில் ஞானஸ்நானம். பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. இத்தனை வயதுவரை ஏன் கொடுக்கவில்லை என்று புரியவில்லை. தகப்பன் பேர் இருக்கிறது, 'இங்கிலாந்து சென்றுவிட்டார்' என்ற குறிப்போடு. தாய் பாவாயி. பெற்றோரின் திருமணம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. இல்லை என்றுகூட எழுதவில்லை.

அண்ணனிடம் இன்னும் பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன்.

ஜூன் 10, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. அண்ணனுக்கு நான்கு தடவை வாந்தி. துணி துவைத்தே பகல் போயிற்று.

ஜூன் 15, வெள்ளி

ஷெல்டன் போன் பண்ணினான். குடும்ப மரம் ஒன்று கம்ப்யூட்டரில் போடுகிறானாம். தொப்பிக் கதையைக் கேட்டுச் சிரித்தவன், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டான். சிரிப்பில்லை.

"அத்தை, அவர் குவேக்கரா இருந்திருப்பார். அவங்கதான் யாருக்கும் தொப்பி எடுக்க மாட்டாங்க. ராஜா வந்தாலும் எடுக்க மாட்டாங்களாம். கடவுள் முன்னாடி மட்டுந்தான்."

அவன் அனுப்பியதையெல்லாம் கண்ணாடி போட்டுப் படித்தேன். கிறிஸ்தவர்கள்தான். ஆனால் பாதிரி கிடையாது, ஞானஸ்நானம் கிடையாது, பாட்டு கிடையாது. தங்களை 'நண்பர்கள்' என்று சொல்லிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கூடி உட்கார்ந்து சும்மா இருப்பார்கள். எங்கள் சபையில் இது நடக்கவே நடக்காது, அறிவிப்பு வாசிக்கவே அரை மணி நேரம் வேண்டும். கல்யாணம் என்றால் மாப்பிள்ளையும் பெண்ணும் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று வாயால் சொல்வதுதான். தாலி இல்லை, மோதிரம் இல்லை, ஐயர் இல்லை.

படித்துக்கொண்டு வரும்போதுதான் விளங்கியது. எங்கள் வீட்டார் மூன்று தலைமுறையாகத் தேடியது, அந்த மனுஷன் வாசற்படி மிதித்திருக்கவே மாட்டாத கோயிலின் பதிவேட்டில். அதில் இல்லாததை வைத்துக்கொண்டு நாங்களே பாவாயிக்குப் பேர் வைத்துவிட்டோம். பையன்களுக்கு ஒன்பது வயதுவரை ஞானஸ்நானம் கொடுக்காததற்கும் காரணம் கிடைத்தது. அவர் போன பிறகுதான் கொடுக்க முடிந்திருக்கிறது.

அண்ணனிடம் சொன்னேன். "அப்ப அவங்க ஊர்ல எழுதியிருப்பாங்களா?" என்று கேட்டார். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

ஜூன் 18, திங்கள்

ஷெல்டன் தேடிச் சொன்னபடி, இங்கிலாந்தில் துரை பிறந்த ஊர்ச் சபையின் பழைய காகிதங்களைக் கவனிப்பவர் ஹில்டா என்று ஒரு அம்மாள். அவருக்கு ஈமெயில் எழுதினேன். மூன்று தடவை அடித்துத் திருத்தினேன். பாவாயியை என்ன என்று எழுதுவது என்று தெரியாமல் 'எங்கள் மூதாட்டி' என்று போட்டேன்.

சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. மழை.

ஜூன் 27, புதன்

ஹில்டா பதில் போட்டிருக்கிறார். எழுபத்தெட்டு வயதாம், சம்பளம் இல்லாத வேலையாம். துரையின் பிறப்பைக் கண்டுபிடித்துவிட்டார். '1817, ஐந்தாம் மாதம், 14.' மாதங்களுக்குப் பழைய சாமிகளின் பேர் இருக்கிறது என்று அவர்கள் மாதப் பேரைச் சொல்லவே மாட்டார்களாம், எண்தான். பிடிவாதத்தில் எங்கள் வீட்டுக்குக் குறைந்தவர்கள் இல்லை.

கூட்டக் குறிப்புகளில் நடுவில் சில புத்தகங்கள் ஈரத்தில் போய்விட்டனவாம். மீதியைப் பார்க்கக் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார்.

அண்ணன் தினமும் காலையில் "வந்துச்சா?" என்கிறார். கஞ்சி அரை டம்ளர்தான் இறங்குகிறது. கால் வீங்கியிருக்கிறது.

ஜூலை 6, வெள்ளி

வந்துவிட்டது.

1849-ஆம் வருஷத்துக் கூட்டக் குறிப்பு. நான் தமிழில் மாற்றியது: 'மதராஸ் தேசத்தில் வசிக்கும் ஜோசையா ஹார்வுட், நம் சபையின் ஒழுங்குக்கு மாறாக, நம் சபையைச் சேராத ஒருத்தியைத் திருமணம் செய்துகொண்டதாகத் தம் கடிதத்தில் தாமே தெரிவித்திருக்கிறார். ஆகவே இனி அவர் நம்மில் ஒருவர் அல்ல என்று இந்தக் கூட்டம் முடிவு செய்கிறது.'

சபையை விட்டுத் தள்ளிவிட்டார்கள். எதற்குத் தள்ளினார்கள் என்றால், கல்யாணம் செய்ததற்கு. வைத்துக்கொண்டிருந்ததற்கு இல்லை. நான் சமையற்கட்டில் நின்றுகொண்டே அழுதேன். பாவாயிக்காக அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

அண்ணனுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். 'திருமணம்' என்ற வார்த்தை எங்கே இருக்கிறது என்று கேட்டு, காகிதத்தில் அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார். அவர் முகம் இப்படித் தெளிந்து பல மாதமாயிற்று.

"இது அங்கேயேதான் இருந்திருக்கு, இல்ல? நூத்தி எழுபது வருஷமா? ஒரு கடுதாசி போட்டுக் கேட்டிருந்தா அப்பவே கிடைச்சிருக்கும்."

"ஆமாண்ணா."

"எம்பத்தி நாலுல போட்டிருந்தாலும் கிடைச்சிருக்கும்."

நான் காகிதத்தை மடித்தேன். பிறகு அவர் அழ ஆரம்பித்தார். வலி என்று நினைத்து மாத்திரையை எடுக்கப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஜெயசிங் மறுபடியும் வந்தான் தெபோரா. அவங்க ஆளுங்க உன்னைப் பொண்ணு கேட்டுட்டுப் போனதுக்கு மூணு வாரம் கழிச்சு, தனியா, எஸ்டேட் ஆபீசுக்கு வந்தான். எனக்கு எந்தக் காகிதமும் வேண்டாம், தெபோராவைக் கேளுங்க, அவ சரின்னா போதும்னு சொன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேட்டுட்டேன், அவ வேண்டாம்னுட்டான்னு சொல்லிட்டேன்."

மருந்து ஏழு மணிக்குக் கொடுத்தேன்.

ஜூலை 7, சனி

மருந்து 8, 2, 7. பேசவில்லை.

ஜூலை 8, ஞாயிறு

மருந்து 8, 2, 7. படுக்கை விரிப்பு மாற்றினேன். பேசவில்லை.

ஜூலை 11, புதன்

எழுதப் போவதில்லை என்றேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. அண்ணனை மரியாதை விட்டு எழுதுகிறேன், இதை யாரும் படிக்கப் போவதில்லை.

ஜெயசிங் தோட்டக்கலைத் துறையில் இருந்தார். நாசரேத்துக்காரர். எனக்கு அப்போது இருபத்தெட்டு. மாலை ஐந்து மணி பஸ்ஸில் ஏரிவரை சேர்ந்து வருவோம். அதிகம் பேசமாட்டார், பேசினால் ஆரஞ்சுச் செடிக்கு வரும் வியாதியைப் பற்றிப் பேசுவார். நான் கவனமாகக் கேட்பேன். ஆரஞ்சு மேல் எனக்கு ஒரு அக்கறையும் கிடையாது.

ஆகஸ்டில் பெண் கேட்டு வந்தார்கள். நான் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய பெரியப்பா, "உங்க பூர்வீகத்துல ஒரு வெள்ளைக்காரன் கதை சொல்றாங்களே, கல்யாணச் சான்று எதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. மரியாதையாகத்தான் கேட்டார். அண்ணன் எழுந்து நின்று, "எங்க வீட்டுல உங்களுக்குப் பொண்ணு இல்ல" என்றான். அப்பா போன பிறகு அவன்தான் வீட்டுக்குப் பெரியவன். ஆற்றிய காபியை நானும் அண்ணியும் குடித்தோம்.

அதன் பிறகு ஐந்து மணி பஸ்ஸில் அவர் வரவில்லை. இரண்டு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. பயந்தாங்கொள்ளி, பெரியப்பா கிழித்த கோட்டைத் தாண்டாத ஆள் என்று முப்பத்து நான்கு வருஷமாக நினைத்திருந்தேன். பிறகு வந்த இரண்டு வரன்களையும் நானே வேண்டாம் என்றேன்.

1991-இல் சேலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மனைவி, ஒரு பெண் குழந்தை. அவர் தயங்கித் தலையை அசைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்னை வேண்டாம் என்று போனவருக்கு என்ன மரியாதை என்று நினைத்தேன். அவரும் அங்கே நின்று அதையேதான் நினைத்திருப்பார். 2009-இல் இறந்துபோனார், பேப்பரில் படம் போட்டிருந்தது. இனி யாரிடம் போய் என்ன சொல்வது?

அடுத்த அறையில் அண்ணன் இருமுகிறான். கஞ்சி வைக்கவேண்டும்.

ஜூலை 13, வெள்ளி

இன்று ஒன்று பேசினேன். "வாயைத் திறங்க" என்றேன், மாத்திரைக்கு.

ஜூலை 16, திங்கள்

ஹில்டாவிடமிருந்து இன்னொன்று. அனுப்புவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தாராம். 1857, மூன்றாம் மாதம், துரை ஊர் திரும்பிய பின் சபைக்கு எழுதிக் கொடுத்தது. தள்ளப்பட்டவர்கள் திரும்பிச் சேரவேண்டுமென்றால், தாம் செய்ததைத் தாமே கண்டித்து எழுதித் தரவேண்டுமாம். அதுதான் வழக்கம்.

'அன்பு நண்பர்களே, அயல்நாட்டில் தனித்திருந்த காலத்தில் நம் ஒழுங்கைக் கைவிட்டு, அந்நாட்டுப் பெண் ஒருத்தியை என் வாய்ச்சொல்லால் மாத்திரம் மனைவி என்று ஏற்றேன். கூட்டமும் இல்லை, சாட்சியும் இல்லை. அதை நான் இப்போது திருமணமாகக் கருதவில்லை. என் செயலைக் கண்டிக்கிறேன், அதற்காக உங்களிடம் மனம் வருந்துகிறேன். என்னை மீண்டும் உங்களில் ஒருவனாக ஏற்க வேண்டுகிறேன்.'

ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த வருஷமே சபையில் ஒரு வெள்ளைக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தச் சான்றையும் ஹில்டா அனுப்பியிருக்கிறார். வந்திருந்த எல்லாரும் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நாற்பத்து மூன்று பேர்.

இதை அண்ணனிடம் மறைத்துவிடலாம். பாவாயி மனைவி என்ற நிம்மதியோடு போய்ச் சேரட்டும் என்று விட்டுவிடலாம். நல்ல தங்கை அதைத்தான் செய்வாள். நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போனேன். வலிக்கட்டும் என்றுதான் போனேன். வேறு காரணம் சொன்னால் பொய்.

முழுவதும் வாசித்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"அதுல அவ பேர் இருக்கா?"

"இல்ல. ஒருத்தின்னுதான் இருக்கு."

"பிள்ளைங்க?"

"ஒரு வார்த்தை இல்ல."

"மன்னிப்பு மட்டும் கேட்டிருக்கான். யார்கிட்ட?"

"அவங்க சபைகிட்ட."

"அவகிட்ட?"

"இப்படி ஒரு காகிதம் இருக்கறதே அவளுக்குத் தெரிஞ்சிருக்காதுண்ணா. இந்த மலைமேல உக்காந்துக்கிட்டு எங்க தெரியப்போகுது?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மஞ்சள் பாய்ந்த கண்.

"நான் உன்கிட்டயே கேக்கறேன் தெபோரா. அவங்க நாளைக்கு உன்னைக் குத்திக்காட்டுவாங்கன்னு பயந்தேன். அது பாதி. எங்கிட்ட அப்படிக் கேட்டவன் வீட்டுக்கு என் தங்கச்சி போகக் கூடாதுங்கற ரோஷம் மீதி. உன்னைக் கேக்காமலே நீ சொன்னதா ஒரு பதில் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சுடு."

என் வாயில் வந்தது, "கஞ்சி ஆறிடும், குடிங்க" என்பதுதான். ஸ்பூனால் கொடுத்தேன். நான்கு வாய் குடித்தார்.

ஜூலை 17, செவ்வாய்

காலையில் ஷெல்டனுக்குப் போன் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். குரல் எழும்பவில்லை, ஆனால் ஆபீசில் மேஸ்திரிகளை விரட்டுகிற அதே அதிகாரம்.

"பாவாயி பேருக்கு நேரா மனைவின்னு போடுடா."

"அப்பா, ஆனா அவரே இல்லன்னு எழுதிக் கொடுத்திருக்காரே. அதுதானே ரெக்கார்டு?"

"அவன் அவனுக்கு வேண்டியதை எழுதிக் கொடுத்தான். அவ எதையும் எழுதிக் கொடுக்கலயே. புருஷன்னு நம்பித்தானே ரெண்டு பிள்ளைய பெத்து வளத்தா? மனைவின்னு போடு."

போட்டுவிட்டேன் என்றான் ஷெல்டன். அதன் பிறகு அண்ணன் அதிகம் பேசவில்லை.

ஜூலை 21, சனி

மருந்து விழுங்க முடியவில்லை. தண்ணீரைப் பஞ்சில் நனைத்து உதட்டில் வைக்கிறேன். ஷெல்டன் நாளை வருகிறான்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னித்துவிட்டேன் என்பது ஒரே வார்த்தை. கலெக்டர் ஆபீசில் ஆயிரம் கடிதத்துக்கு 'உண்மையுள்ள' என்று முடித்தவள் நான், ஒரு பொய்யை அதிகமாகச் சொல்லியிருந்தால் என்ன? நெற்றியைத் துடைத்தேன். ஃபேன் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஜூலை 23, திங்கள்

காலை பத்தேகாலுக்குப் போய்விட்டார். ஷெல்டன் பால் வாங்கப் போயிருந்தான். நான் மட்டும் இருந்தேன்.

ஜூலை 30, திங்கள்

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள். நீ அவரைக் குழந்தையைப்போலப் பார்த்துக்கொண்டாய் என்று எல்லாரும் சொன்னார்கள். பத்து நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. போகிற மனிதர் கேட்டதை நான் கொடுக்கவில்லை. இப்போது மன்னித்துவிட்டாயா என்று கேட்டால், பாதி என்று சொல்வேன். மீதிப் பாதியை வாங்கிக்கொள்ள அவர் இல்லை, அவர்மேல் கோபப்படவும் ஆள் இல்லை. காலை எட்டு மணிக்குக் கை தானாக மாத்திரை டப்பாவைத் தேடுகிறது.

ஹில்டாவுக்கு எழுதினேன். அண்ணன் இறந்ததையும், இரண்டு காகிதங்களையும் அவர் கேட்டுவிட்டே போனார் என்பதையும் சொன்னேன். தங்கள் சபையின் சார்பில் பாவாயிக்காக அடுத்த ஞாயிறு சிறிது நேரம் மௌனமாக இருக்கிறோம், அவர் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டுப் பதில் போட்டிருக்கிறார். எழுத்துக் கூட்டி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

ஷெல்டன் குடும்ப மரத்தை முடித்து அனுப்பியிருக்கிறான். அச்சுக்குக் கொடுக்கும் முன் பிழை இருந்தால் சொல்லுங்கள் அத்தை என்கிறான். பெரிய காகிதம். மேலே ஜோசையா ஹார்வுட், பக்கத்தில் பாவாயி, மனைவி. அங்கிருந்து கிளை பிரிந்து ஆறு தலைமுறை. அண்ணன் பேருக்குக் கீழே இரண்டு தேதியும் வந்துவிட்டன.

என் பேருக்குக் கீழே 'திருமணம் ஆகவில்லை' என்று இருக்கிறது. சரியாகத்தான் போட்டிருக்கிறான். பிழை ஒன்றும் இல்லை, அச்சுக்குக் கொடு என்று பதில் போட்டுவிட்டேன்.

அந்தக் காகிதத்தில் எழுத இடம் இல்லாத ஒன்றை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். 1984 செப்டம்பரில் ஜெயசிங் என்னைக் கேட்கச் சொன்னார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சரி என்று சொல்லியிருப்பேன்.